நோய்ப்படுக்கையருகே ஒரு கேள்வி: பிரக்ஞையை விளக்க முயலும் கோட்பாடுகள்

செட்டிநாட்டு வீடுகளில் முதியவர் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால், பார்க்க வருகிறவர்கள் முகப்பைத் தாண்டி வளவுக்குள் கால் வைக்கும்போதே தணிந்த குரலில் கேட்கும் முதல் கேள்வி, "ஆச்சிக்கு நினைவு இருக்கா?" என்பதுதான். மூச்சு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எந்த மருத்துவமனை, என்ன மருந்து என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். என் அப்பத்தா பக்கவாதம் வந்து இரண்டாங்கட்டில் ஓர் அறையில் 11 நாள் கிடந்தபோது, நாளைக்குப் பத்துப் பேராவது அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். நாங்களும் "இல்லை" என்றே பதில் சொன்னோம். கூப்பிட்டால் திரும்பவில்லை, கையைக் கொடுத்தால் பிடிக்கவில்லை, ஆகவே நினைவு இல்லை என்பதுதான் எங்கள் வாதம். அதில் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது என்பது, மனத்தைப் பற்றியும் பிரக்ஞையைப் பற்றியும் அறிவியலும் மெய்யியலும் சொல்வனவற்றைப் பின்னாளில் படிக்கப் புகுந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நினைவு என்ற ஒரே சொல்லால் தமிழில் இரண்டைக் குறிக்கிறோம். கடந்ததை மனத்தில் வைத்திருப்பதும் நினைவு. இப்போது, இங்கே, தன்னை அறிந்தபடி இருப்பதும் நினைவு. மயக்கம் என்ற சொல்லும் அப்படித்தான்: தலை சுற்றி விழுவதும் மயக்கம், ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வதும் மயக்கம். இந்தச் சொற்களின் செறிவு கவிதைக்கு நல்லது. ஆனால் பிரக்ஞையைப் பற்றிய கோட்பாடுகளை ஒப்பிடப் புகுவோர் முதலில் மூன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கண் திறந்து மூடி, உறங்கி எழும் உடல்நிலையை விழிப்பு என்று வைத்துக்கொள்வோம். புலன்வழி வந்த செய்தியைப் பிறருக்குச் சொல்லவும் அதைக் கொண்டு முடிவெடுக்கவும் இயலும் நிலையை அறிதல் என்போம். வலி வலிப்பதும் இனிப்பு இனிப்பதுமாகிய அனுபவத்தை உணர்வு என்போம். அமெரிக்க மெய்யியலாளர் நெட் பிளாக் 1995இல் இவற்றுள் பின்னிரண்டையும் பிரித்துக் காட்டிய பிறகே, அறிஞர்கள் பலர் ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்களைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. என் கருத்தில், இன்று நடக்கும் சர்ச்சைகளிலும் பாதி இந்தக் குழப்பத்திலிருந்தே எழுகின்றன.

விழிப்பைப் பற்றி ஓரளவு தெளிவு ஏற்பட்டுவிட்டது. மூளைத்தண்டின் நடுவே வலைபோல் பின்னிக் கிடக்கும் நரம்பணுத் தொகுதியைத் தூண்டினால் உறக்கநிலையில் உள்ள மூளையின் மின்னலைகள் விழிப்புக்குரியவையாக மாறுகின்றன என்று மொருஸ்ஸி, மகூன் என்ற இருவர் 1949இல் காட்டினர். அந்தப் பகுதி பெரிதும் சிதைந்தால் மனிதர் ஆழ்மயக்கத்தில் விழுகிறார். சிறுமூளையின் கதையோ வேறு. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 6,900 கோடி, பின்புறம் அடியில் உள்ள சிறுமூளையில் இருக்கின்றன. பெருமூளைப் புறணியில் இருப்பவை 1,600 கோடி அளவே. ஆயினும் சிறுமூளையே இல்லாமல் பிறந்து, நடையிலும் பேச்சிலும் சிரமங்களோடு, முழுப் பிரக்ஞையுடன் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சீன மருத்துவர்கள் 2014இல் அறிக்கை வெளியிட்டார்கள். நரம்பணுக்களின் எண்ணிக்கை பிரக்ஞையைத் தருவதில்லை. அவை பின்னப்பட்டிருக்கும் விதத்தில்தான் ஏதோ இருக்கிறது.

அந்த அணுக்கள் இயங்கும் முறையில் மர்மம் ஏதுமில்லை. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை, ஊரார் சிக்ரி என்று சொல்வதை, அறியாதவர் இப்பகுதியில் இல்லை. அங்கே மின்கலங்களையும் அரிமானத்தையும் ஆராயப் பயன்படும் அதே அடிப்படை விதிகள்தாம் நரம்பணுவுக்கும் பொருந்துகின்றன. சோடியம் அயனிகள் வெளியிலும் பொட்டாசியம் அயனிகள் உள்ளேயும் மிகுந்திருப்பதால், ஓய்வில் இருக்கும் அணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. சவ்வில் உள்ள வாயில்கள் திறந்ததும் அந்த வேறுபாடு ஒரு மில்லிவிநாடி அளவில் புரண்டு, துடிப்பாக நரம்பிழை வழியே ஓடுகிறது.

இதை நம் அடுக்களைக்குக் கொண்டுவந்து பார்த்தால் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு வதக்கிய உப்புக்கறியை வாயில் வைக்கிறோம். மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற வேதிப்பொருள், நாவின் நரம்பு முனைகளில் உள்ள டி.ஆர்.பி.வி.1 என்னும் புரதவாயிலைத் திறக்கிறது. 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டிலும் திறப்பது அதே வாயில்தான். ஆகவேதான் காரம் "எரிகிறது" என்கிறோம், அது வெறும் உவமையன்று. இந்த வாயிலை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வாயில் திறப்பது, அயனிகள் பாய்வது, செய்தி மூளைக்குச் செல்வது, கண்ணில் நீரும் நெற்றியில் வியர்வையும் அரும்புவது, கை தண்ணீர்ச் செம்பைத் தேடுவது என எல்லாவற்றையும் ஒரு கண்ணி விடாமல் விவரித்துவிடலாம். ஆனால் இந்த விவரிப்பின் எந்த இடத்தில் காரம் காரமாக இருக்கிறது? அயனிகளின் ஓட்டம் ஏன் ஓர் ஆளுக்கு எரிச்சலாக அனுபவமாக வேண்டும், எவருக்கும் எதுவும் ஆகாமலே இத்தனையும் நடந்துவிடலாகாதா? ஆஸ்திரேலிய மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் 1994இல் ஒரு மாநாட்டில் எழுப்பி மறுஆண்டு கட்டுரையாக்கிய "கடினமான சிக்கல்" என்பது இதுவே. நினைவாற்றல், கவனம், பேச்சு முதலியவற்றின் இயக்கத்தை விளக்குவதை அவர் எளிய சிக்கல் என்றார். ஒரு நூற்றாண்டு உழைப்பு தேவைப்பட்டாலும் அவற்றுக்கு விடை எந்த வடிவில் வரும் என்பதாவது தெரியும் என்பது அவர் கருத்து.

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார், சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் என ஒன்று உண்டு என்பதை நிறுவ வரிசையாகச் சான்றுகளை அடுக்குகிறார்:

"உளதிலது என்றலின் எனதுடல் என்றலின்
ஐம்புலன் ஒடுக்கம் அறிதலின் கண்படில்
உண்டிவினை யின்மையின் உணர்த்த உணர்தலின்
மாயா இயந்திர தனுவினுள் ஆன்மா."

இதனை நம்பிக்கையின் வெளிப்பாடாக மட்டும் படிப்பது அதற்குச் செய்யும் அநீதி, இது வாதம். இது நான் அல்ல, அது நான் அல்ல என ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டு போகிற ஒருவர் எஞ்சி நிற்கிறார் என்பது முதல் சான்று. என் உடல் என்று சொல்கிறோமாகையால் உடலும் உடையவனும் வேறு என்பது இரண்டாவது. கண் ஒலியை அறியாது, செவி நிறத்தை அறியாது. ஐந்தையும் ஒருசேர அறிவது அவற்றின் வேறாக இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. புலன்கள் ஒடுங்கிய கனவிலும் அறிவு நிகழ்வது நான்காவது. ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடியும் நுகர்ச்சியும் செயலும் இல்லையாகையால் மூச்சுக் காற்று உயிராகாது என்பது ஐந்தாவது. பார்க்க வந்தவர்கள் அப்பத்தாவின் மூச்சைப் பற்றிக் கேட்காமல் நினைவைப் பற்றிக் கேட்டதற்குப் பின்னால் இருப்பதும் இந்தத் தெளிவுதான். உணர்த்தினால்தான் உணர்கிறது ஆகையால் அவ்வுயிர் இறைவனும் ஆகாது என்று முடிகிறது. இவற்றுள் மூன்றாவது சான்று, நிறம், ஒலி, வடிவம் என்பவற்றை மூளையின் வெவ்வேறு பகுதிகள் தனித்தனியே கையாள, நமக்கு எப்படி ஒரே உலகம் தோன்றுகிறது என்று இன்றைய நரம்பியலார் கேட்கும் பிணைப்புச் சிக்கலேதான்.

மேலை மரபில் இதற்கு இணையாகச் சொல்லப்படுபவர் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட். அவருடைய "தியானங்கள்" என்ற நூல் 1641இல் வெளிவந்தது. இடம் அடைத்து நிற்கும் பொருள், இடம் அடைக்காத மனம் என உலகை அவர் இரண்டாக வகுத்தார். இடமே அடைக்காத ஒன்று உடலை எப்படித் தள்ளி அசைக்கும் என்று பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் 1643இல் கடிதம் எழுதிக் கேட்டார். அதற்கு டேக்கார்ட் கடைசிவரை நிறைவான விடை தரவில்லை. மெய்கண்டாரின் சித்தாந்தம் அந்தப் பிரிப்புக்கோட்டை வேறிடத்தில் போடுகிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கும் மாயையின் காரியங்கள், அறிவற்ற சடம். நினைப்பதும் ஐயுறுவதும் முடிவு செய்வதும்கூடக் கருவிகளின் தொழில். அறிவு உயிருக்கே உரியது. டேக்கார்ட் உயிரின் பக்கம் வைத்த மனத்தை மெய்கண்டார் பொருளின் பக்கம் வைத்தார் என்பது சிறிய வேறுபாடன்று. நினைக்கும் எந்திரம் ஒன்றை எவரேனும் செய்துவிட்டால் டேக்கார்ட்டின் கட்டடம் ஆட்டம் காணும், சித்தாந்தத்துக்கோ அதனால் நேர் இழப்பு ஏதுமில்லை. ஆனால் எலிசபெத்தின் கேள்வியிலிருந்து அதுவும் தப்பிவிடவில்லை. உயிருக்கும் உடலுக்கும் இடையே எத்தனை நுண்ணிய தத்துவங்களை அடுக்கினாலும், சடத்தின் கடைசிப் படிக்கும் அறிவின் முதல் படிக்கும் இடையே உள்ள இடைவெளி அப்படியே நிற்கிறது.

காரைக்குடியைச் சுற்றியே இந்த விவாதத்தின் இரு தரப்புகளும் உள்ளன. குன்றக்குடி ஆதீனம் சைவ சித்தாந்த மரபினது, உயிர்கள் பல. கோவிலூர் மடமோ வேதாந்தத்தைத் தமிழிலேயே பாடம் சொல்லி வந்த இடம். அங்கே அறிவு ஒன்றே, பல என்பது தோற்றம். பிரக்ஞை என்பது நிறையைப் போலவும் மின்னூட்டத்தைப் போலவும் உலகின் அடிப்படை இயல்பு என்று சொல்லும் மேலை மெய்யியலார் சிலர் இன்று உண்டு. அவர்களைக் காட்டி, நம் முன்னோர் சொன்னதை அறிவியல் ஒப்புக்கொண்டுவிட்டது என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமே மிகுகிறது. அவர்கள் சொல்வது எண்ணற்ற சின்னஞ்சிறு அனுபவத் துளிகள். அத்துளிகள் கூடி எப்படி ஓர் ஆளின் ஒரே அனுபவம் ஆகும் என்பதற்கு விடை இல்லாமல் அவர்கள் திணறுகிறார்கள். ஒன்றே பலவாகத் தோன்றுவது எப்படி என்பது வேதாந்தத்தின் சிரமம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும் சிக்கல்கள். ஒன்றைக் காட்டி மற்றதற்குச் சான்றிதழ் வாங்க முடியாது.

மெய்கண்டார் அடுத்த சூத்திரத்தில் உயிரை அரசனுக்கும், மனம் முதலிய நான்கு அகக்கருவிகளாகிய அந்தக்கரணங்களை அமைச்சருக்கும் ஒப்பிடுகிறார். இன்றைய அறிவியல் அரசனை எடுத்துவிட்டு அவையை மட்டும் வைத்துக்கொள்கிறது. அப்படிச் செய்வதன் காரணம் நியாயமானதே: மூளைக்குள் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறார் என்றால், அவருக்குள் இருந்து பார்ப்பவர் யார் என்ற கேள்வி முடிவின்றித் தொடரும். அரசன் இல்லாமலே அவை எப்படி ஒரு முடிவுக்கு வருகிறது என்பதைச் சொல்ல முயலும் கோட்பாடுகளுள் செல்வாக்கு மிக்கது, பெர்னார்டு பார்ஸ் 1988இல் முன்வைத்துப் பின்னர் பாரிஸில் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் நரம்பியல் வடிவம் தந்த பொதுக்களக் கோட்பாடு.

இதை விளங்கிக்கொள்ள நகரத்தார் குடும்பங்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. ரங்கூனின் மொகல் தெருவிலும் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் வட்டித்தொழில் நடந்த கூடங்களான கிட்டங்கிகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். நீண்ட கூடம், இருபுறமும் வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மார்க்கா, ஒரு மேலாள், ஓர் அடுத்தாள். ஒரு பெட்டிக்காரர் வரவு எழுதுவதும் வட்டி கணக்கிடுவதும் அடுத்த பெட்டிக்காரருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மூளையின் பெரும்பகுதி வேலை இப்படித்தான் நடக்கிறது: முகத்தை அடையாளம் காணும் பகுதி, ஒலியைச் சொல்லாக்கும் பகுதி, கையின் தசைகளை அளந்து இயக்கும் பகுதி எல்லாம் தத்தம் பெட்டியடியில் அமைதியாகக் கணக்கெழுதுகின்றன, அந்தக் கணக்குகள் எவையும் பிரக்ஞைக்கு வருவதில்லை. ஆனால் மாதந்தோறும் எல்லாரும் கோவிலில் கூடி நடப்பு வட்டியைக் குறிப்பார்கள். அங்கே ஒருவர் கொண்டுவரும் செய்தி, சந்தையில் பணம் இறுகிவிட்டது என்பது போன்ற ஒன்று, எல்லாருடைய செய்தியாகிவிடுகிறது. குறித்த வட்டி அன்றிரவே ஒவ்வொரு பெட்டியின் பேரேட்டிலும் வேலை செய்யத் தொடங்குகிறது. கூட்டத்துக்கு மேலே முதலாளி என்று ஒருவர் இல்லை, கூட்டமே முடிவு. பிரக்ஞை என்பது இப்படி ஒரு செய்தி பொதுக்களத்துக்கு வந்து, மூளை முழுவதற்கும் கிடைப்பதாகிவிடும் நிகழ்வே என்கிறது இக்கோட்பாடு.

இதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. ஒரு சொல்லைத் திரையில் சுமார் 30 மில்லிவிநாடி மட்டும் காட்டி, உடனே வேறு வடிவங்களால் மறைத்துவிட்டால், பார்த்தவர் எதையும் பார்க்கவில்லை என்பார். ஆனால் சொற்களைப் படிக்கும் மூளைப்பகுதி அச்சொல்லைப் படித்திருக்கும். மறைக்காமல் விட்டால், சுமார் 300 மில்லிவிநாடிக்குப் பிறகு முன்மடலும் பக்கமடலும் ஒருசேரப் பற்றிக்கொள்வதை மின்னலைப் பதிவு காட்டுகிறது. ஆக்ஸ்போர்டின் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் குழு 1974இல் விவரித்த நோயாளி ஒருவர் இன்னும் வியப்பானவர். பார்வைப் புறணியின் ஒரு பகுதியை அறுவையில் இழந்த அவர், ஒரு பக்கத்தில் எதுவுமே தெரியவில்லை என்றார். இருந்தும், ஊகித்தாவது சொல்லுங்கள் என்று வற்புறுத்தியபோது அப்பக்கத்தில் இருந்த ஒளிப்புள்ளியைப் பெரும்பாலும் சரியாகவே சுட்டினார். ஒரு பெட்டியின் கணக்கு கூட்டத்துக்கு வரவே இல்லை; ஆயினும் கை அதை அறிந்திருந்தது.

பொதுக்களக் கோட்பாட்டின் வெற்றி அறிதலைப் பற்றியது. உணர்வும் அவ்வளவுதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வளவுச் சுவரில் மாட்டிய பழைய கடிகாரம் மணி அடிக்கிறது. நாம் ஏதோ வேலையில் இருக்கிறோம். நான்காவது அடியில்தான் கவனிக்கிறோம், ஆனால் முன்னே போன மூன்றையும் எண்ணிச் சேர்த்து மணி நான்கு என்று சொல்லிவிடுகிறோம். அந்த மூன்று அடிகளும் நிகழ்ந்தபோது எனக்கு அவை ஒலித்தனவா, அல்லது நான்காவதன்போதுதான் பின்னோக்கி ஒலித்தனவா? பொதுக்களக் கோட்பாட்டின்படி கூட்டத்துக்கு வராதது அனுபவம் ஆகாது. என் சொந்த அனுபவமோ அந்த மூன்றும் எப்படியோ இருந்தன என்றே சொல்கிறது. அதை நம்பலாமா என்பதுதான் கேள்வி.

இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரியும் ஜூலியோ தொனோனி 2004இல் முன்வைத்த ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு எதிர்முனையிலிருந்து தொடங்குகிறது. அனுபவத்தின் இயல்புகள் எவை, அவற்றைத் தாங்கும் பொருள் எப்படி அமைந்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அனுபவம் எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது. அதே நேரம் எண்ணற்ற பிற அனுபவங்களிலிருந்து வேறுபட்ட இந்த ஒன்றாக இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த ஒரு தளத்தை எண்ணிப் பாருங்கள். கண்ணாடிப் பலகையின் மீது அச்சை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுத்த கற்கள். நான்கு கற்கள் சேருமிடத்தில் ஒரு முழுப் பூ மலர்கிறது. அந்தப் பூ யாருக்கு? தளத்துக்கு அன்று. ஒரு கல்லைப் பெயர்த்தெடுத்தால் அடுத்த கல்லில் எந்த மாற்றமும் இல்லை. பூவைச் சேர்த்துப் பார்ப்பது நம் கண். ஒரு பகுதியில் நிகழ்வது மற்ற எல்லாப் பகுதிகளின் நிலையையும் மாற்றும்படி, அவற்றாலும் மாறும்படி பின்னப்பட்ட அமைப்பில்தான், முழுமை அந்த அமைப்புக்கே முழுமையாகிறது. அந்தப் பின்னலின் அளவை ஃபை என்ற எழுத்தால் குறித்து, அதுவே பிரக்ஞையின் அளவு என்கிறார் தொனோனி. சிறுமூளை ஏன் பங்களிக்கவில்லை என்பதற்கு இங்கே நேர்த்தியான விடை கிடைக்கிறது: அதன் கூறுகள் ஆத்தங்குடிக் கற்களைப் போல அடுத்தடுத்து இருந்தும் ஒன்றோடொன்று பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

இக்கோட்பாட்டிலிருந்து கிடைத்த மிகப் பயனுள்ள விளைச்சல் ஒரு சோதனை. தலைக்கு வெளியே இருந்து காந்தத் துடிப்பு ஒன்றால் புறணியைத் தட்டி, அதன் எதிரொலி மூளைக்குள் எவ்வளவு சிக்கலாகப் பரவுகிறது என்பதை அளந்து ஓர் எண்ணாகத் தரும் முறையை மிலான் நகர் மார்செல்லோ மஸ்ஸிமினி குழு 2013இல் வெளியிட்டது. விழித்திருப்பவரிடமும் கனவு காண்பவரிடமும் எண் உயர்ந்திருக்கிறது. கனவற்ற உறக்கத்திலும் பல மயக்க மருந்துகளின்கீழும் சரிகிறது. ஆனால் கோட்பாட்டின் விளைவுகள் சில விழுங்கக் கடினமானவை. மனித மூளையின் ஃபையைக் கணக்கிடுவது நடைமுறையில் இயலாது. எளிய ஆனால் சரியாகப் பின்னிய மின்சுற்றுக்கும் சிறிதளவு பிரக்ஞை உண்டு என்றும், எவ்வளவு திறமையாகப் பேசினாலும் இன்றைய கணினிக்கு ஏறக்குறைய இல்லை என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். 2023 செப்டம்பரில் 124 ஆய்வாளர்கள் இதனைப் போலி அறிவியல் என்று கண்டித்துத் திறந்த மடல் எழுதினார்கள். அந்தச் சொல் மிகையானது என்றே கருதுகிறேன். பொய்யாக்கப்படக்கூடிய ஊகங்களை முன்வைத்து அவற்றைச் சோதனைக்கு உட்படுத்த முன்வந்த ஒரு கோட்பாட்டை அப்படி அழைப்பது முறையாகாது.

உண்மையிலேயே அது சோதனைக்கு வந்தது. இரு கோட்பாடுகளின் ஆதரவாளர்களும் ஒன்றுகூடி, எந்த முடிவு வந்தால் யாருக்குப் பாதகம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, நடுநிலை ஆய்வகங்களில் சோதனையை நடத்தச் செய்தார்கள். 256 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் முழு அறிக்கை 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளிவந்தது. பின்மூளைப் புறணியில் நீடித்த ஒத்திசைவு இருக்கும் என்று தொனோனி தரப்பு சொன்னது போதிய அளவில் காணப்படவில்லை. படம் மறையும்போது முன்மடல் மீண்டும் ஒருமுறை பற்றிக்கொள்ளும் என்று தெஹேன் தரப்பு சொன்னதும் காணப்படவில்லை. இருவருக்கும் சில ஆதரவுகள் கிடைத்தன, எவரும் தம் கோட்பாட்டைக் கைவிடவில்லை. பிரக்ஞையின் நரம்பியல் அடையாளம் 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று 1998இல் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டிய நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக், 2023இல் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு பெட்டி ஒயினைக் கொடுத்தார்.

மூன்றாவது அணி ஒன்றும் வளர்ந்துவருகிறது. மூளை வெளியுலகைப் படம் பிடிப்பதில்லை, அடுத்து என்ன வரும் என்று ஓயாமல் ஊகித்து, பிழைபடும் இடங்களில் மட்டும் புலன்களால் திருத்திக்கொள்கிறது என்பது அதன் சாரம். வேர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் இருக்கிறது. இதற்கு உருக்கமான சான்று தந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று கலிஃபோர்னியாவில் புகழ்பெற்ற வி.எஸ். ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கை வலிக்கும், விரல்கள் இறுகி நகம் உள்ளங்கையில் பதியும். ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, இரண்டையும் விரிக்கச் சொன்னார். சிலருக்கு இறுக்கம் தளர்ந்தது. இல்லாத கையும் "என் கை"யாகவே இருந்திருக்கிறது. மெய்கண்டாரின் "எனதுடல்" என்ற சான்றை இது வலுவிழக்கச் செய்கிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: எனது என்ற உணர்வே மூளை தீட்டும் சித்திரம் என்றால், அதிலிருந்து உடையவன் ஒருவனை ஊகிப்பது எளிதன்று. ஐம்புலனைப் பற்றிய சான்று அப்படிச் சாயவில்லை.

உணர்வு என்று தனியே ஒன்றுமில்லை, இருப்பதாக மூளை நமக்குச் சொல்கிறது, அவ்வளவே என்று வாதிட்டவர் 2024இல் மறைந்த அமெரிக்க மெய்யியலாளர் டேனியல் டென்னெட். அவருடைய வாதத்தை மதிக்கிறேன். உப்புக்கறியின் காரம் அதற்குள் எனக்கு அடங்கவில்லை. நரம்பணுக்களின் நுண்குழல்களில் நிகழும் குவாண்டம் விளைவே பிரக்ஞை என்று இயற்பியலாளர் பென்ரோஸும் மயக்கவியல் மருத்துவர் ஹாமராஃபும் சொல்லும் கருத்து பெரிதும் பேசப்படுகிறது; சான்று மெலிந்தது.

இத்தனை கோட்பாடுகளும் மனிதரைப் பற்றியே பேசுவதாகத் தோன்றலாம். தொல்காப்பிய மரபியல் தொடு உணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிரில் தொடங்கி, "ஆறறி வதுவே அவற்றொடு மனனே" என மனத்தை ஆறாவதாக ஏற்றி முடிக்கிறது. அறிவை உண்டு, இல்லை என்று வெட்டாமல் படிகளாக வைத்த அந்த நோக்கு இன்று மீண்டும் வலுப்பெறுகிறது. பறவைகள் உள்ளிட்ட பல விலங்குகளுக்குப் பிரக்ஞைக்குத் தேவையான நரம்பியல் அடித்தளம் உண்டு என்று 2012இல் கேம்பிரிட்ஜிலும், முதுகெலும்பற்ற பலவற்றுக்கும் அதற்கான உண்மையான சாத்தியம் உண்டு என்று 2024இல் நியூயார்க்கிலும் அறிஞர்கள் அறிக்கை வெளியிட்டனர். திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் பல ஆண்டுகளாக இருந்துவருகிறார்கள். எந்த அறிக்கைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

இனி, தொடங்கிய கேள்விக்கு வருகிறேன். சாலை விபத்துக்குப் பின் கண் திறந்திருந்தும் எதற்கும் பதில் தராமல் கிடந்த 23 வயதுப் பெண் ஒருவரை, கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழு ஸ்கேன் கருவிக்குள் வைத்து இரண்டு வேலைகளைச் சொன்னது: டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள், உங்கள் வீட்டின் அறைகளுக்குள் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள். முதலாவதற்கு அசைவைத் திட்டமிடும் பகுதியும், இரண்டாவதற்கு இடத்தை நினைவில் வைக்கும் பகுதியும், நலமுள்ளவர்களுக்குப் போலவே அவருக்கும் தொழிற்பட்டன. 2006இல் வெளியான அந்த முடிவு முதலில் விதிவிலக்காகவே கருதப்பட்டது. 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக எந்தப் பதிலும் தராத 241 நோயாளிகளுள் 60 பேர், அதாவது நால்வருள் ஒருவர், கட்டளையை மூளைக்குள் நிறைவேற்றிக்கொண்டிருந்தது தெரியவந்தது.

அந்தக் கருவிகள் நம் ஊர் மருத்துவமனைகளுக்கு வர நாளாகும். ஆனால் கருவி இல்லாமலே செய்யக்கூடியதும் உண்டு. மருத்துவக் குழுவினர் கவனித்துப் பார்த்து நினைவில்லை என்று ஒருமித்துத் தீர்மானித்தவர்களை முறைப்படி மீண்டும் சோதித்த பெல்ஜிய ஆய்வு ஒன்று, அவர்களுள் 41 விழுக்காட்டினருக்குச் சிறிதளவாவது பிரக்ஞை இருந்ததை 2009இல் காட்டியது. அந்த முறைப்படியான சோதனையில் பயன்படுவது ஒரு கைக்கண்ணாடி: நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல இடமும் வலமும் நகர்த்தி, தன் முகத்தைக் கண்கள் தொடர்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒரு நாளில் வெவ்வேறு வேளைகளில், பழகிய குரலில், பெயர் சொல்லி அழைத்து, பதிலுக்குப் போதிய நேரம் விட்டுக் காத்திருக்கிறார்கள்; காலையில் மங்கிய நினைவு மாலையில் மேலெழக்கூடும்.

நாங்கள் காலையில் கூப்பிட்டோம். பதில் வரவில்லை என்றதும், அப்பச்சியும் பெரியப்பச்சியும் பங்காளிகளும் கட்டிலைச் சுற்றி அமர்ந்து, வீட்டில் யாருக்கு எந்தப் பங்கு, எத்தனை பேருக்குச் சொல்லி அனுப்புவது, எந்தக் கிழமையில் முடிந்தால் வசதி என்று சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். அப்பத்தாவின் கண்கள் திறந்திருந்தன. கட்டிலுக்கு எதிரே சுவரில், அவர் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பெல்ஜியக் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கி அவர் முகத்தருகே பிடித்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.